மலையின் தீர்ப்பும் நமது கதைகளும்

மலையகத்தில் மண் சரியும் ஒவ்வொரு முறையும் பத்திரிகைகளில் ஒரே தலைப்பு வந்துவிடுகிறது: இயற்கையின் சீற்றம். சில மாதங்கள் கழித்து அதே தலைப்பு கவிதையாகவும் சிறுகதையாகவும் திரும்பி வருகிறது. மனிதன் காட்டை அழித்தான், மலையைக் குடைந்தான், ஆற்றை மறித்தான். மலை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பொங்கியது. கதை முடிகிறது. எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் கிடையாது. ஆனால், இந்தக் கதைக்கட்டோடு எனக்கு நீண்டகாலப் பிணக்கு ஒன்று உண்டு. அது 'மனிதன்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. எந்த மனிதன்?

நல்லதண்ணியில் இருந்து வாசிக்கிறவனால் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. பாவா ஆதம் மலை என்று நாமும், சிவனொளிபாதம் என்று தமிழரும், ஸ்ரீபாத என்று சிங்களவரும் சொல்லும் மலையின் அடிவாரம் இது. இபுனு பதூதா 1344 இல் ஏறிய மலை. கீழே கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைகள். மேலே கருத்து அடர்ந்த காடு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை இயற்கை போடவில்லை. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளில் கை வைக்க வேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873 இல் பிரித்தானிய ஆட்சிக்கு ஆலோசனை சொன்னார். 1940 இல் இம்மலைக் காடு சரணாலயமாயிற்று. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அழித்தவர்களும் காத்தவர்களும் தூரத்தில் இருந்தே தீர்மானித்தார்கள். அத்தீர்மானங்களுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் வேறு ஆட்கள். நமது புனைகதை இந்த இடைவெளியை எப்படிக் கையாள்கிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

செருக்கும் அதன் விளைவும் கதை சொல்லலுக்குப் பழைய பொருள்தான். ஆது கூட்டத்தாரின் கதையையும் காரூனின் கதையையும் ஃபிர்அவ்னின் கதையையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உயர்ந்தவன் வீழ்கிறான், பூமி அவனை விழுங்குகிறது, கடல் அவனை மூடுகிறது. அங்கே தண்டனை வழங்குபவன் யார் என்பது ஐயத்துக்கு இடமில்லாத விடயம். நவீன எழுத்தாளன் இந்தக் கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, இறைவன் இருந்த இடத்தில் இயற்கையை வைத்துவிட்டான். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மலைக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியுமா?

நமது மலைநாட்டிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பதுளையில் உதவி அரச அதிபராக இருந்தவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுபவர். 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். பிற்பாடு அவரது கல்லறையிலும் இடி விழுந்தது என்று ஊர் சொல்லிற்று. அடக்கமான பின்னரும் வானம் அவரை விடவில்லை என்பதில் மக்களுக்கு ஒரு திருப்தி. இதைவிடக் கச்சிதமான நீதிக்கதை கிடைக்காது. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும்.

ஆனால், அதே மலையில் இன்னொரு வேட்டைக்காரரும் இருந்தார். சாமுவேல் பேக்கர். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்தில் இருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து ஆங்கிலக் கிராமம் அமைக்க முயன்றவர். அவரும் யானைகளைச் சுட்டுத் தள்ளினார். சுட்டதைப் பெருமையோடு புத்தகமாகவும் எழுதினார். 1855 இல் இலங்கையை விட்டுப் போய், ஆபிரிக்காவில் அல்பர்ட் ஏரியை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்து, 'சேர்' பட்டம் பெற்று, 1893 இல் இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே காலமானார். ரொஜர்ஸைத் தேடி வந்த மின்னல் பேக்கரை ஏன் தேடவில்லை? ஊர் ரொஜர்ஸின் கதையை மட்டும் பேணி வைத்துக்கொண்டது. பேக்கரின் கதை யாருக்கும் ஆறுதல் தராது. நீதிக்கதை தனக்கு ஒத்து வராத சாட்சிகளை அழைப்பதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களை ஏற்றி வந்த விமானம் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 ஹாஜிகளும் 9 ஊழியர்களுமாக 191 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த மலைக்கும் அந்த யாத்திரிகர்களுக்கும் என்ன வழக்கு இருந்தது? மலை தண்டிக்கும் என்று எழுதுகிறவர், இங்கே யார் செய்த குற்றத்துக்கு யார் தண்டிக்கப்பட்டார்கள் என்றும் சொல்லவேண்டி வரும். சொல்ல முடியாது. சொல்லத் துணிந்தால் அது அநியாயமாகும். மலை கொன்றவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்ற முடிவுக்கு நம்மை இட்டுச்செல்லும் கதைக்கட்டு ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு நிகழ்வு போதும்.

இப்போது கோப்பியின் கதைக்கு வருவோம். மனிதச் செருக்கு என்ற சொல்லுக்கு நம் மண்ணில் கிடைக்கும் மிகப் பெரிய எடுத்துக்காட்டு அதுதான். 1840 ஆம் ஆண்டின் சட்டம் உரித்து நிரூபிக்கப்படாத காடுகளை முடிக்குரிய காணியாக்கியது. காடு ஏக்கர் கணக்கில் விலைபோனது. வெட்டி, உலரவிட்டு, தீ வைத்தார்கள். 1870களின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. 1869 இல் மடுல்சீமைப் பக்கம் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். அது ஒரு பூஞ்சணம். ஆராய வந்த மார்ஷல் வார்ட் 1880களின் தொடக்கத்தில் அதன் வழியை விளக்கினார்: காற்றில் பரவும் வித்துக்கு, இடையில் மரவரிசைகூட இல்லாமல் மலை மலையாக ஒரே செடியை நட்டு வைத்தால் தடை ஏது? செருக்கு தனக்கான தண்டனையைத் தானே நிரையாக நட்டு வைத்திருந்தது என்று ஒருவர் எழுதலாம். எழுதினால் அழகாக இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதினால்தான் அது உண்மையாகும். துரைமாரில் பலர் நொடித்துப் போனார்கள். 1884 இல் ஓரியண்டல் வங்கியே கவிழ்ந்தது. ஆனால் நொடித்த துரைக்குக் கப்பல் இருந்தது, வேறொரு காலனி இருந்தது. மன்னாரில் இருந்து காட்டுவழியே நடந்து வந்த கூலிக்காரனுக்கு இருந்தது கங்காணியிடம் பட்ட கடன் மட்டுமே. கோப்பி அழிந்த மண்ணில், 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை பரவியது. பாடம் எதையும் யாரும் படிக்கவில்லை. மறுபடியும் ஒரே செடி, மறுபடியும் மலை மலையாக. மஸ்கெலியாப் பக்கத்தில் இன்றும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர் 'மொக்கா'. கோப்பிக்குப் பேர்போன துறைமுகத்தின் பெயர் தேயிலைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது.

மெல்வில்லின் 'மோபி டிக்' (1851) நாவலைச் செருக்கின் வீழ்ச்சி என்றே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கப் புறப்பட்ட கப்டன் ஆகாப் கடைசியில் கடலில் மாய்கிறான். நான் மலையகத்தில் இருந்து வாசித்தபோது ஆகாப் எனக்கு முக்கியமாகப் படவில்லை. மாலுமிகளே கண்ணில் நின்றார்கள். தீவுக்காரன், ஆபிரிக்கன், செவ்விந்தியன் என்று பல தேசத்து ஏழைகள், ஒருவனின் வெறிக்கு ஈட்டி எறியச் சம்பளத்துக்கு வந்தவர்கள். கப்பலோடு அவர்களும் போகிறார்கள்; கதை சொல்ல ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். அங்கே ஆகாபாவது தன் ஆட்களோடு சேர்ந்து மூழ்குகிறான். மலையகக் கதையில் கப்டன் இடையிலேயே இறங்கிப் போய்விட்டான். கப்பலும் மாலுமிகளும் இன்னும் நடுக்கடலில் நிற்கிறார்கள்.

இந்தக் கப்பலைப் பற்றி நமது படைப்புகள் என்ன சொல்லியிருக்கின்றன?

முதலில், அவை சாதித்ததை மறக்கக்கூடாது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930களிலேயே தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' தன் தலைப்பிலேயே ஒரு தீர்க்கமான விமர்சனத்தை வைத்திருக்கிறது: தூரத்தில் இருந்து குளிர்ச்சியாகத் தெரிவது கிட்டப் போனால் என்னவாகிறது என்பது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்தின் நிறையையும் பறித்தவளின் மானத்தையும் ஒரே தராசில் ஏற்றியது. சி.வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் என்று நீளும் வரிசை, மலையகத்தானைத் தொகைக் கணக்கில் இருந்து மீட்டு மனிதனாக நிறுத்தியது. தென்னிந்தியப் பக்கத்தில் வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி டாக்டர் பி.எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆன நாவலும் இந்த வரிசையில் வைத்துப் பேசத்தக்கது.

ஆனால் இப்படைப்புகளைச் சேர்த்து வாசிக்கும்போது ஒரு வெற்றிடம் தெரிகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றில் தேயிலை முதல் வரியிலேயே வளர்ந்து நிற்கிறது. அதற்கு முன்னால் இருந்த காடு இல்லை. மலை என்பது ஒன்றில் காட்சி, அல்லது பகை: மழை, குளிர், அட்டை, வழுக்கும் படி. சுரண்டுகிறவன் துரை, சுரண்டப்படுகிறவன் தொழிலாளி என்ற உறவு துலக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த உறவின் மூன்றாவது தரப்பான மண் எழுதப்படவில்லை. மண் கரைந்தது, ஊற்று வற்றியது, மேற்கட்டில் தேயிலை கைவிடப்பட்டு மானாப்புல் ஏறியது, பீலியில் தண்ணீர் மெலிந்தது என்ற செய்திகள் பின்னணியில் வந்து போகின்றன. கதையின் முடிச்சாக அவை மாறுவதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டென்று நினைக்கிறேன். அதைச் சொல்வது சற்றுச் சங்கடமானது. காட்டை வெட்டச் சொன்னவன் துரை. வெட்டிய கை நமது மக்களின் கை. எமது கதைகள் இந்தக் கையைப் பார்க்கத் தயங்குகின்றன. பார்த்தால் பாதிக்கப்பட்டவன் மேலேயே பழி விழும் என்ற அச்சம் அது. அச்சம் நியாயமானதே. 'மனிதன் காட்டை அழித்தான்' என்று பொதுவாகச் சொல்லும் கதை உண்மையில் அதைத்தான் செய்கிறது. கட்டளையிட்டவனையும் கத்தி பிடித்தவனையும் ஒரே சொல்லுக்குள் போட்டு, தண்டனையைக் கத்தி பிடித்தவனின் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புகிறது. ஆனால், அந்தக் கையைப் பற்றிப் பேசாமல் விடுவது இதற்கு மாற்றாகாது. பசிக்காக ஒரு பெருமரத்தைச் சாய்த்தவன் அது விழும்போது என்ன நினைத்தான்? ஊரில் ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் மஞ்சள் கட்டி வந்தவன் இங்கே காட்டுக்குத் தீ வைத்த இரவில் உறங்கினானா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை. அது வந்தால் தொழிலாளியின் மதிப்பு குறையாது, கூடும். மனச்சாட்சி உள்ள ஒருவனாக அவன் அங்கேதான் முழுமையாக நிற்பான்.

இந்த இடத்தில் லெனார்ட் வூல்ஃபின் நாவல் நினைவுக்கு வருகிறது. அம்பாந்தோட்டையில் உதவி அரச அதிபராக இருந்து திரும்பிப்போய் அவர் 1913 இல் எழுதியது. சிங்களத்தில் 'பெத்தேகம' என்று அறியப்படுவது. கடனும் கிராமத் தலைவனின் வஞ்சமும் ஒரு குடும்பத்தைத் தின்கின்றன. ஊர் ஆளாளாகக் குறைகிறது. காடு வீடுவரை வந்துவிடுகிறது. இந்தக் காடு யாரையும் தண்டிக்கவில்லை. மனிதர் ஒருவரை ஒருவர் அழித்து வெறுமையாக்கிய இடத்தில் அது வளர்கிறது, அவ்வளவே. ஆட்சியின் கதிரையில் இருந்தவர் எழுதிய நாவல் என்ற குறை அதற்கு உண்டு. எனினும், காட்டை நீதிபதியாக்காமல் காடாகவே விட்ட நிதானத்தை நாம் அதில் கற்கலாம்.

ஊர்ப் பெயர்களிலும் ஒரு கதை இருக்கிறது. 'துன்பக்கேணி'யில் மருதி போய்ச் சேரும் தோட்டத்தின் பெயர் வாட்டர் பாலம். ஆங்கிலத்தில் அருவியைக் குறித்த சொல் கூலிக்காரரின் நாவில் பாலமாகிவிட்டது. அருவியைத் தோட்டமாக்கியவன் அதற்குப் பெயரும் வைத்தான். வந்தவர்களுக்கு அந்தப் பெயரின் ஓசை மட்டும் கிடைத்தது. நல்லதண்ணி அப்படிப்பட்ட பெயரன்று. ஊற்றில் குனிந்து அள்ளிக் குடித்த வாயில் இருந்துதான் இப்படி ஒரு பெயர் வந்திருக்க முடியும். மலையை ஏக்கரால் அளந்தவர்கள் ஒருபுறம். தண்ணீரின் சுவையால் அடையாளம் வைத்தவர்கள் மறுபுறம். நம் புனைகதைக்குத் தேவையான இரண்டு பார்வைகளும் தபால் முகவரியிலேயே இருக்கின்றன.

எழுதப்படாத இன்னொரு நாவல் மவுஸ்ஸாக்கலை நீருக்கு அடியில் கிடக்கிறது. மின்சாரத்துக்காக 1969 இல் மஸ்கெலியா ஓயாவை மறித்தபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சிதைந்த நிலையில் தலைகாட்டுகின்றன. ஆட்கள் திரண்டுபோய்ப் பார்க்கிறார்கள். அந்தப் பள்ளியில் தொழுதவர்கள், அந்தக் கடைத்தெருவில் துணி விற்றவர்கள், தோட்டத்தாருக்குக் கடன் கொடுத்தவர்கள் நமது ஆட்களும்தான். அக்காலத்தில்தான் 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப எண்ணிக் கொண்டிருந்தது. ஒருபுறம் ஊர் நீருக்குள். மறுபுறம் மக்கள் கப்பலுக்குள். இதைச் செருக்கு என்று சுலபமாக முடித்துவிடவும் முடியாது. அந்த நீரில் இருந்து வந்த மின்விளக்கில்தான் நாம் வாசிக்கிறோம், எழுதுகிறோம். மின்கம்பி தலைக்கு மேலே போக, நெடுங்காலம் குப்பி விளக்கோடு இருந்த லயங்கள் கீழே இருந்தன. பயன் பெற்றவனும் இழந்தவனும் ஒரே ஊரில், சில வேளை ஒரே வீட்டில். நாவலுக்கு இதைவிடச் செறிந்த களம் வேண்டுமா? மலைநாட்டு நகரங்களின் முஸ்லிம்களான நாம் பெரும்பாலும் கடைப்படியில் நின்றே மலையைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பார்வையும் ஒரு சாட்சியம். அதை எழுத வேண்டியவர்கள் நாமே.

இதையெல்லாம் இலக்கியக் கவலையாக மட்டும் நான் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மலைநாடே பெரும் அடி வாங்கிற்று. 'மலை சீறிற்று' என்று சொன்ன மறுகணம் எச்சரிக்கைக் கடிதம் மறைந்துவிடுகிறது. லயத்தைச் சரிவில் கட்டியவன் மறைகிறான். காணி தராமல் இருநூறு வருடமாக அந்த மக்களை அதே சரிவில் வைத்திருக்கும் ஏற்பாடு மறைகிறது. இயற்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கதையும், நீதிபதி ஆசனத்தில் ஏற்றும் கதையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: உண்மையான பிரதிவாதியை வாசல் வழியே வெளியே அனுப்பி வைக்கின்றன.

அப்படியானால் எந்த வடிவம்? ஒரு குறிப்பு நமது மரபிலேயே இருக்கிறது. திருமறையில் எறும்பின் பெயரில் ஓர் அத்தியாயம் உண்டு. சுலைமான் நபியின் படை வருகிறது. ஓர் எறும்பு தன் கூட்டத்தை எச்சரிக்கிறது: பொந்துகளுக்குள் போய்விடுங்கள், அவர்கள் அறியாமலேயே உங்களை மிதித்துவிடக்கூடும் என்று. சுலைமான் நபி அதைக் கேட்கிறார், புன்னகைக்கிறார், நன்றியோடு தலை தாழ்த்துகிறார். கதை சொல்லும் கலை இதில் நிறைய இருக்கிறது. பெரும்படையைப் பற்றிய பேச்சு எறும்பின் வாயில் இருந்து வருகிறது. அந்த எறும்பு படையைக் கொடியது என்று சபிக்கவில்லை. அறியாமல் மிதிப்பார்கள் என்கிறது. செருக்கின் மிகப் பரவலான வடிவம் அதுதானே? கோப்பி நட்ட துரைக்குப் பூஞ்சணத்தோடு பகை இருக்கவில்லை. உந்துவப் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரை நல்லதண்ணி வழியே மலையேறிப் பொலித்தீனை ஓடையில் விட்டுப்போகும் பக்தருக்கும் மலையோடு பகை இல்லை. காலடியில் இருப்பதைப் பாராத நடைதான் எல்லா இடத்திலும். ஆற்றல் மிக்கவன் தன் காலடியில் இருந்து வரும் குரலைக் கேட்டு நிற்கிற ஒரு கதை தண்டனைக் கதையைவிட எழுதுவதற்குக் கடினமானது. நமக்குத் தேவையும் அதுதான்.

மலையைப் பற்றி எழுதப்படும் கதை ஒன்று கைக்கு வரும்போது மூன்று விடயங்களை நான் தேடுகிறேன். வெட்டச் சொன்னவர் யார் என்று கதைக்குத் தெரியுமா? வெட்டியவரின் மனம் கதையில் இருக்கிறதா? மண் யாருடைய கூரைமேல் வந்தது, அந்தக் கூரை ஏன் அங்கே இருந்தது என்று கதை கேட்கிறதா? இம்மூன்றும் இருந்தால் மின்னல் தேவையில்லை. இவை இல்லாத கதையில் எத்தனை இடி விழுந்தாலும், லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு மாத்திரம் அப்படியே நிற்கும், அடுத்த மழைக்கு.